பம்பாயும் தெள்ளுப்பூச்சியும்

தெள்ளு என்பது எள்ளளவே உள்ள ஒரு பூச்சி. அதற்குச் சிறகு இல்லை. ஆயினும் தன் உடல் நீளத்தைப் போலப் பன்மடங்கு தூரம் ஒரே துள்ளலில் கடந்துவிடும். இருபுறமும் அழுத்தித் தட்டையாக்கியது போன்ற உடலமைப்பு இருப்பதால், விலங்கின் மயிர்க்காட்டினுள் எளிதாக நுழைந்து ஓடுகிறது. இதனை உண்ணி என்று மயங்குவோரும், மூட்டைப்பூச்சி என்று மயங்குவோரும் பலர் உண்டு. உண்ணி எட்டுக் கால்களுடையது; தோலைக் கவ்விக்கொண்டு அசையாமல் இருப்பது. மூட்டைப்பூச்சியோ கட்டிலின் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் ஊர்ந்து வருவது. தெள்ளு இவ்விரண்டையும் போன்றதன்று. அது பகல் இரவு பாராது, கணுக்காலைத் தேடித் துள்ளி வரும். கடித்த இடத்தில் சிறு சிவப்புப் புள்ளிகள் இரண்டு மூன்று வரிசையாகத் தோன்றினால், வந்தது தெள்ளு என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

மும்பைக்குக் கிழக்கே, தாணே கடற்கழியின் மறுகரையில் உள்ள கோபர்கைரனே போன்ற பகுதிகளில் இன்று தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அடுக்குமாடி வீடுகளிலே பூனையோ நாயோ வளர்ப்பது இப்போது புதுமையன்று. ஜூன் மாதம் மழை தொடங்கிவிட்டால், காற்றில் ஈரம் மிகுகிறது, தெள்ளும் பெருகுகிறது. குழந்தைகளின் கால்களில் தடிப்புகள் தோன்றுகின்றன. பூனை ஓயாது சொறிந்துகொள்கிறது. அப்போது வீட்டிலுள்ளோர் மனத்தில் முதலில் எழும் யோசனை யாது? "இந்தப் பூனையைக் கொண்டுபோய் எங்கேனும் விட்டுவிடுவோம், பூனை போனால் பூச்சியும் போய்விடும்" என்பதே அன்றோ?

இந்த யோசனை சரியானதா? இக்கேள்வியை நாம் புதிதாக ஆராய வேண்டியதில்லை. அதே கடற்கழியின் மேற்குக் கரையிலே, பம்பாய் மாநகரம் நூறாண்டுகளுக்கும் முன்னே பெரும் உயிர்ச்சேதத்தைக் கொடுத்து இதற்கு விடை கண்டிருக்கிறது. அந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது, வீட்டில் பூச்சியை ஒழிக்க விரும்புவோர்க்கும் பயன் தரும். அச்சத்தால் உந்தப்பட்ட மனிதன் எவ்வாறு தவறான இலக்கைத் தாக்குகிறான் என்று அறிய விரும்புவோர்க்கும் பயன் தரும்.

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 23-ஆம் நாள், பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்டவி என்னும் பகுதியில், கோவாவைச் சேர்ந்த டாக்டர் அக்காசியோ கேப்ரியல் வியேகாஸ் என்பவர் ஒரு நோயாளியைச் சோதித்தார். கடுங்காய்ச்சலும் நெறிக்கட்டியும் கண்டிருந்த அந்த நோயைக் கொள்ளைநோயாகிய பிளேக் என்று அவர் துணிந்து கூறினார். மாண்டவி, தானியக் கிடங்குகள் நிறைந்த வணிகப் பகுதி. அங்கே எலிகள் செத்து விழுவதை மக்கள் கண்டிருந்தனர். எனினும் அந்த எலிச்சாவுக்கும் மனிதச் சாவுக்கும் இடையே உள்ள தொடர்பு இன்னதென்று அன்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

அடுத்த சில மாதங்களில் நகரம் கலங்கியது. 1891-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பம்பாயின் ஜனத்தொகை 8 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டது. 1897-ஆம் ஆண்டுத் தொடக்கத்திற்குள் ஏறத்தாழ அதில் பாதிப்பேர் ஊரை விட்டு ஓடிவிட்டனர் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். ஆலைகளில் ஆளில்லை, கடைத்தெருக்கள் வெறிச்சோடின. ஓடியவர்கள் ரயிலிலும் படகிலும் ஏறித் தத்தம் ஊர்களுக்குச் சென்றபோது, பல இடங்களுக்கு நோயும் உடன் சென்றது.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. நோய்க்குக் காரணம் அழுக்கும், நாற்றமும், நெரிசலும், மனிதரை மனிதர் தீண்டுதலுமே என்று அக்காலத்து அதிகாரிகள் நம்பினர். ஆகவே சாக்கடைகளில் கடல்நீரையும் கார்பாலிக் திராவகத்தையும் பாய்ச்சினர். வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தனர். வெயில் புகும்படி கூரை ஓடுகளைப் பிரித்தெறிந்தனர். நோயாளியின் துணிமணிகளை எரித்தனர். 1897-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. அதன் வலிமையால் வீடு வீடாகச் சோதனை நடந்தது; நோயுற்றோர் மருத்துவமனைக்கும், அவரோடு இருந்தோர் தனி முகாம்களுக்கும் கட்டாயமாகக் கொண்டுசெல்லப்பட்டனர்.

இதன் விளைவு என்ன? சாக்கடையில் மருந்து பாய்ந்தபோது, அங்கே வாழ்ந்த எலிகள் வீடுகளை நோக்கி இடம்பெயர ஏதுவாயிற்று. நோயாளியை மறைத்து வைக்கும் பழக்கம் மக்களிடையே பரவிற்று. 1896-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலேயே ஆலைத் தொழிலாளர் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். புனே நகரில் பிளேக் அதிகாரியாயிருந்த ராண்ட் என்பவர் 1897-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் இரவு சுடப்பட்டார். 1898-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பம்பாயிலே வீட்டுச் சோதனையை எதிர்த்துக் கலகம் மூண்டது. இத்தனைக்கும் நடுவே நோய் மட்டும் ஆண்டுதோறும் தவறாது திரும்பி வந்தது. வீட்டை இடித்தார்கள், மனிதரைப் பிரித்தார்கள், துணியை எரித்தார்கள். உண்மைக் குற்றவாளியோ தரையில் துள்ளிக்கொண்டிருந்தது.

நோயின் கிருமியை 1894-ஆம் ஆண்டிலேயே ஹாங்காங் நகரில் அலெக்ஸாண்டர் யெர்சின் கண்டறிந்துவிட்டார். அக்கிருமி எலியிடத்தும் இருப்பதை அவரே காட்டினார். வால்டெமார் ஹாஃப்கின் என்னும் விஞ்ஞானி, பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு அறையில் உழைத்து, சில மாதங்களிலேயே தடுப்பூசி மருந்தொன்றைத் தயாரித்தார். 1897-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் அதனை முதலில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். ஆனால் எலியிடமிருந்து மனிதனுக்கு அக்கிருமி எந்த வழியாக வருகிறது என்ற கேள்வி மட்டும் அவிழாத முடிச்சாகவே இருந்தது.

அந்த முடிச்சை முதலில் அவிழ்த்தவர், பாரிஸ் பாஸ்டர் நிலையத்தின் சார்பில் இந்தியாவுக்கு வந்திருந்த பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர். நோயாளிகள் சிலருடைய உடலில் சிறு கொப்புளம் ஒன்று காணப்படுவதையும், அதனுள் பிளேக் கிருமி இருப்பதையும் அவர் கவனித்தார். அது ஒரு பூச்சி கடித்த இடமாக இருக்கலாம் என்று ஐயுற்றார். செத்து நெடுநேரம் ஆகி உடல் குளிர்ந்த எலியைத் தொட்டவர்க்கு நோய் வருவதில்லை. சற்று முன்னரே செத்த எலியைத் தொட்டவர்க்கோ வருகிறது. இதையும் அவர் எண்ணிப் பார்த்தார். எலியின் உடல் குளிர்ந்தவுடன் தெள்ளு அதை விட்டு அகன்றுவிடுகிறதன்றோ?

1898-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள், கராச்சி நகரில் ஒரு விடுதியறையில் அவர் நடத்திய சோதனை புகழ்பெற்றது. நோயுற்ற எலியும் நலமுள்ள எலியும் ஒன்றையொன்று தீண்டாதபடி வலையால் பிரிக்கப்பட்டன. நடுவே தெள்ளு மட்டும் துள்ளிச் செல்ல வழியிருந்தது. சில நாட்களில் நலமுள்ள எலியும் பிளேக்கினால் மாண்டது. அவ்வாண்டே சிமோன் தம் முடிவை வெளியிட்டார். ஆனால் உலகம் அதை ஏற்கவில்லை. வேறு சிலர் செய்து பார்த்த சோதனைகள் பலிக்கவில்லை. இந்தியாவில் விசாரணை நடத்திய பிளேக் கமிஷனும் தெள்ளுக் கொள்கையை ஒதுக்கிவிட்டது. இவ்வளவு சிறிய பூச்சியா இத்தனை பெரிய நாசத்திற்குக் காரணம் என்று அறிஞர்களே நம்ப மறுத்தனர்.

இந்நிலையில்தான் பம்பாய் பரேல் ஆராய்ச்சிசாலையில் பணியாற்றிய கிளென் லிஸ்டன் என்னும் மருத்துவ அதிகாரி ஒரு நிகழ்ச்சியை உற்று நோக்கினார். பல குடித்தனங்கள் நெருங்கி வாழும் பெரிய கட்டடத்தைப் பம்பாயில் 'சால்' என்பர். அத்தகைய சால் ஒன்றில் ஓர் ஏப்ரல் மாதத்திலே எலிகள் செத்து விழுந்தன. சில நாட்களில் எலிச்சாவு திடீரென்று நின்றது. எலி தொலைந்தது என்று மக்கள் ஆறுதல் கொள்ளும் வேளையில், அறைகளில் தெள்ளு பெருகிவிட்டது. தொல்லை பொறுக்கமாட்டாமல் குடியிருந்தோர் அறையை விட்டு வெளியேறித் தாழ்வாரத்தில் படுத்துறங்கினர். அதன் பின்னர் ஒரு வாரத்திற்குள் அவர்களிடையே பிளேக் தோன்றிற்று.

லிஸ்டன் அவர்கள் உடலிலிருந்து தெள்ளுகளைப் பிடித்துச் சோதித்தார். சாதாரணக் காலத்தில் மனிதர்மீது பிடிக்கப்பட்ட 246 தெள்ளுகளில் எலித்தெள்ளு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எலிகள் மாண்ட இந்தக் கட்டடத்தில் மனிதர்மீது பிடித்த 30 தெள்ளுகளிலோ எலித்தெள்ளு 14 இருந்தன! 1905-ஆம் ஆண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியான அவருடைய கட்டுரை இந்த உண்மையை உலகுக்கு அறிவித்தது.

இந்த எண்கள் சொல்வது என்ன? எலித்தெள்ளு விரும்பி உண்பது எலியின் இரத்தத்தை. எலி உள்ளவரை அது மனிதனை நாடுவது அரிது. எலி மாண்டபின், வேறு உணவின்றிப் பசியினால் வாடும் தெள்ளு மனிதன்மேல் தாவுகிறது. அதாவது, விலங்கை அகற்றினால் பூச்சி அகலவில்லை. விலங்கை இழந்த பூச்சி மனிதனிடம் வந்து சேர்ந்தது. நாம் முன்பு எழுப்பிய கேள்விக்கு விடை இதிலேயே அடங்கியிருக்கிறது.

லிஸ்டன் இன்னொரு நுட்பத்தையும் கையாண்டார். சிலர் வீட்டில் செல்லமாக வளர்க்கும் கினிப்பன்றி என்னும் சிறு பிராணியை, எலிகள் மாண்ட வீடுகளில் அவிழ்த்துவிட்டார். பசித்த தெள்ளுகள் அதன்மீது ஏறிக்கொண்டன. பிராணியைத் திரும்பப் பிடித்து, அதன் உடலிலிருந்து தெள்ளுகளைச் சேகரித்து எண்ணினார். தெள்ளு பிடிக்கும் உயிருள்ள பொறியாக அப்பிராணி பயன்பட்டது.

1905-ஆம் ஆண்டில் பிளேக் ஆராய்ச்சிக்கெனத் தனிக்குழு அமைந்தது. லண்டன் லிஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த சார்லஸ் மார்ட்டின் அதற்கு வழிகாட்டினார். லிஸ்டனும் அதில் இடம்பெற்றார். பரேலில் சிறு குடிசைகள் கட்டி, அவற்றில் நோயுற்ற பிராணிகளையும் நலமுள்ள பிராணிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தனர். தெள்ளு இல்லாத குடிசையில், இரண்டும் ஒட்டி உறவாடியும் நோய் பரவவில்லை. தெள்ளு உள்ள குடிசையிலோ நோய் காட்டுத்தீயெனப் பரவிற்று. பிராணியைக் கூண்டிலிட்டுத் தரைக்கு இரண்டு அங்குல உயரத்தில் தொங்கவிட்டால் நோய் கண்டது. இரண்டடி உயரத்தில் தொங்கவிட்டால் காணவில்லை. நாற்றமும் நச்சுக்காற்றும் காரணமாயிருந்தால், இரண்டடி உயரம் என்ன காப்பு அளிக்கும்? அவ்வளவு உயரம் தெள்ளால் துள்ள இயலாது என்பதே உண்மை. 1914-ஆம் ஆண்டில் பாக்கட் என்பவரும் மார்ட்டினும் எஞ்சிய ஐயத்தையும் தீர்த்தனர். கிருமிகள் தெள்ளின் இரைப்பை வாயில் பெருகி அடைத்துக்கொள்கின்றன; உண்ட இரத்தம் உள்ளே இறங்காமையால் பசி தீராத தெள்ளு மீண்டும் மீண்டும் கடிக்கிறது; கடிக்கும்போது கிருமியைக் காயத்தில் உமிழ்கிறது.

தமிழகத்திற்கும் ஈழத்திற்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்குண்டு. பம்பாயில் இவ்வளவு கொடுமை விளைத்த நோய், சென்னை நகரில் ஏன் வேரூன்றவில்லை என்பது அக்காலத்தில் ஒரு புதிராகவே இருந்தது. கொழும்பு நகரில் நுண்ணுயிர் ஆராய்ச்சி செய்த ஃபேபியன் ஹர்ஸ்ட் என்பவர், அங்குள்ள எலித்தெள்ளு பம்பாய்த் தெள்ளின் இனத்தைச் சேர்ந்ததன்று என்பதை 1913-ஆம் ஆண்டில் கண்டார். பம்பாயில் மிகுந்திருந்தது 'கியோபிஸ்' என்னும் இனம். கொழும்பிலும் சென்னையிலும் மிகுந்திருந்தது 'ஆஸ்டியா' என்னும் இனம். பின்னது பிளேக்கைப் பரப்புவதில் ஆற்றல் குறைந்தது. மாறாக, கோயம்புத்தூர் வட்டாரமும் கம்பம் பள்ளத்தாக்கும் நோயின் கொடுமையை நேரில் அனுபவித்தன. கோவையிலே இன்றும் 'பிளேக் மாரியம்மன்' என்ற பெயரோடு கோயில்கள் நிற்பது, அந்நாளைய மக்களின் அச்சத்திற்கும் நம்பிக்கைக்கும் சான்றாகும்.

பம்பாய்த் தமிழரின் குடியிருப்பு வரலாற்றிலும் இந்நோயின் சுவடு பதிந்திருக்கிறது. பிளேக்கின் காரணமாகவே 1898-ஆம் ஆண்டில் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் தோன்றிற்று. நெரிசலான பகுதிகளை இடித்துவிட்டு, நகரின் வடபுறத்தில் தாதர், மாட்டுங்கா முதலிய இடங்களில் அகன்ற தெருக்களும் தோட்டங்களும் கூடிய புதிய குடியிருப்புகளை அது திட்டமிட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுத்தர் வேலைக்கும் கணக்கு வேலைக்கும் வந்த தென்னிந்தியர் அங்கே குடியேறினர். 1932-ஆம் ஆண்டு மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றும் அளவுக்கு அச்சமுதாயம் வளர்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த தோல் தொழிலாளர் தாராவியில் தங்கினர். பின்னர் குடும்பங்கள் பெருகிச் செம்பூருக்கும், 1970-க்குப் பிறகு கடற்கழியைக் கடந்து வாஷி, கோபர்கைரனே ஆகிய புதுநகர்ப் பகுதிகளுக்கும் பரவின. நச்சுக்காற்றுக்கு அஞ்சி அகலப்படுத்திய தெருக்களில், நச்சுக்காற்றுக் கொள்கை மறைந்த பின்னும் மக்கள் நலமாக வாழ்ந்தனர். கொள்கை பிழையானாலும், வெளிச்சமும் காற்றும் வீண்போகவில்லை.

இனி, வீட்டுப் பூனையிடமும் நாயிடமும் காணும் தெள்ளுக்கு வருவோம். இது எலித்தெள்ளு அன்று. 'பூனைத்தெள்ளு' என்று பெயர் பெற்ற வேறோர் இனம். பெயர் பூனையுடையதாயினும் நாயின்மீதும் இதுவே பெரும்பாலும் வாழ்கிறது. ஆதலால் பூனை சொறிந்துகொண்டால் பிளேக் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டா. எனினும் இதுவும் வெறும் அரிப்போடு நின்றுவிடுவதில்லை. நாய்க்கும் பூனைக்கும் தோல் நோயை உண்டாக்கும். பிராணி தெள்ளை விழுங்கிவிட்டால் அதன்வழி நாடாப்புழு பரவும். சிறு குட்டிகளாயின் இரத்தம் குன்றிச் சாவதும் உண்டு.

இதன் வாழ்க்கை முறையை அறிந்தால் ஒழிக்கும் வழி தானே புலப்படும். பெண் தெள்ளு பிராணியின் இரத்தத்தை உண்டு, நாளொன்றுக்கு 40 முட்டை வரையிலும் இடும். அம்முட்டைகள் பிராணியின் மயிரில் ஒட்டிக்கொள்வதில்லை. பிராணி படுக்கும் இடத்திலும், நடக்கும் இடத்திலும் உதிர்ந்துவிடுகின்றன. முட்டையிலிருந்து வரும் புழு வெளிச்சத்தை வெறுத்துக் கட்டிலின் அடியிலும், மெத்தை மடிப்பிலும், பாயின் கீழும், சுவரோரத்து இடுக்கிலும் ஒளிந்துகொள்கிறது. வளர்ந்த தெள்ளின் உலர்ந்த கழிவே அதற்கு உணவு. பிறகு அது மணலும் தூசியும் ஒட்டிய ஒரு கூட்டைப் பின்னிக்கொண்டு உள்ளே உறங்குகிறது. அக்கூட்டினுள் மருந்து எளிதில் புகாது. அங்கே வாரக்கணக்கிலும், சில வேளை மாதக்கணக்கிலும் அது காத்திருக்க வல்லது. ஒரு வீட்டில் உள்ள தெள்ளுக் கூட்டத்தில், பிராணியின்மீது நம் கண்ணுக்குப் படுவது மிகச் சிறு பகுதியே. முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையில் கிடப்பதே பெரும்பகுதி.

கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குச் சென்று, ஒரு மாதம் கழித்துத் திரும்பும் குடும்பத்தார், கதவைத் திறந்த கணமே தெள்ளுக் கூட்டத்தால் தாக்கப்படுவதுண்டு. யாரும் இல்லாத வீட்டில் பூச்சி எங்கிருந்து வந்தது என்று திகைப்பர். அது வெளியிலிருந்து வரவில்லை. காலடி அதிர்ச்சியும், உடல் வெப்பமும், மூச்சுக்காற்றும் பட்டவுடன் கூட்டில் காத்திருந்தவை ஒருங்கே வெளிவருகின்றன. பூனையை வெளியேற்றிய வீட்டிலும் இதுவே நிகழும். லிஸ்டன் சாலிலே கண்டதை நாம் நம் கூடத்திலே காண்போம். பூனை இருந்தால் அதன்மேல் ஏறியிருக்கும் தெள்ளு, பூனை இல்லாமையால் குழந்தையின் காலில் ஏறும். தெருவில் விடப்பட்ட பூனையோ பசியாலும் வாகனத்தாலும் துன்புறும். ஒரு தீங்கை நீக்கப் போய் இரண்டு தீங்கு விளைவிப்பதாகும் இது.

வெளியூர்களிலும் இப்பாடம் மறுபடி நினைவூட்டப்பட்டது. 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் மராட்டிய மாநிலத்து லாத்தூர்ப் பகுதியில் நில நடுக்கம் நேர்ந்தது. அதன் விளைவாக அக்கம்பக்கத்து மக்கள் பலர் வீடுகளை விட்டு விலகி வாழ்ந்தனர். வீட்டினுள் இருந்த தானியத்தை உண்டு எலிகள் பெருகின. 1994-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பீட் மாவட்டத்து மாம்லா என்னும் சிற்றூரில் எலிகள் செத்து விழுந்தன. தெள்ளுத் தொல்லையைப் பற்றி மக்கள் முறையிட்டனர். அதன் பின்னரே பிளேக் எனக் கருதப்பட்ட காய்ச்சல் தோன்றிற்று. எலிச்சாவு முன்னே, தெள்ளுத் தொல்லை அடுத்து, நோய் பின்னே என்று லிஸ்டன் எழுதிவைத்த வரிசை சற்றும் மாறவில்லை. ஆகவே வீட்டருகே எலிகள் காரணமின்றிப் பலவாகச் செத்துக்கிடப்பதைக் கண்டால், அவற்றை வெறுங்கையால் தொடாமல் நகராட்சிச் சுகாதார அலுவலர்க்கு உடனே அறிவிப்பது குடிமக்கள் கடமையாகும்.

மருந்துகளின் வரலாறும் நமக்கு ஓர் எச்சரிக்கை தருகிறது. பழங்காலத்தில் துணிமணிகளைச் சுடுவெயிலில் பரப்பினர். மண்ணெண்ணெயும் சோப்பும் கலந்த குழம்பைத் தரையில் தெளித்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. வந்தது. மலேரியாவை ஒழிக்க வீடுகளில் அடித்த அம்மருந்து தெள்ளையும் குறைத்தது. பிளேக் தணிந்ததற்கு அதுவும் ஒரு துணை. ஆனால் 1960-ஆம் ஆண்டையொட்டியே மராட்டியத்தின் சில பகுதிகளில் அம்மருந்துக்குச் சாகாத தெள்ளுகள் காணப்பட்டன. ஒரே மருந்தை நம்பி, துப்புரவை மறந்தவனைத் தெள்ளு வென்றுவிடும்.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? போர் இரண்டு முனைகளில், ஒரே நாளில் தொடங்க வேண்டும். முதல் முனை பிராணி. வீட்டில் உள்ள எல்லாப் பூனை நாய்களுக்கும் ஒருங்கே மருந்திட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அதுவே மற்றவற்றுக்கு விதைநிலமாகும். கால்நடை மருத்துவர், பிராணியின் எடையும் வயதும் பார்த்து, பிடரியில் விடும் சொட்டு மருந்தையோ உட்கொள்ளும் மாத்திரையையோ குறித்துத் தருவார். இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நாய்க்கென விற்கும் மருந்துகளிற் சிலவற்றில் பெர்மெத்ரின் என்னும் பொருள் உண்டு. அது பூனைக்குக் கொடிய நஞ்சு. நாயின் மருந்தைப் பூனைக்கு ஒருபோதும் இடலாகாது. மண்ணெண்ணெய் பூசுவதும், பாச்சை உருண்டையை அதன் படுக்கையில் வைப்பதும் அவ்வாறே தீங்கானவை. மருந்து தாங்காத இளங்குட்டிகளுக்கு, நெருக்கமான பற்களுடைய சீப்பினால் வாரி, சீப்பில் சிக்கிய தெள்ளுகளைச் சோப்பு நீரில் முக்கிக் கொல்வதே தக்க வழி.

இரண்டாம் முனை தரை. உண்மையான போர்க்களம் இதுவே. பிராணி படுக்கும் துணி, நாம் படுக்கும் விரிப்பு, தலையணை உறை ஆகியவற்றை வாரம் ஒருமுறையேனும் சூடான நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். கட்டிலின் அடி, சோபாவின் மடிப்பு, பாயின் கீழ், சுவரோரம் ஆகிய இடங்களைத் தினந்தோறும் பெருக்க வேண்டும். தூசி உறிஞ்சும் கருவி இருப்பின் இன்னும் நன்று, அதன் அதிர்ச்சியே கூட்டில் உறங்கும் தெள்ளை வெளியே இழுக்கும். சேர்ந்த குப்பையை வீட்டினுள் வைக்காது, உடனே பையிலிட்டுக் கட்டி வெளியேற்றுக. பூச்சி மிகப் பெருகியிருந்தால், புழு வளர்வதைத் தடுக்கும் மருந்தையும் தேர்ந்த பணியாளரைக் கொண்டு தரையில் தெளிக்கச் செய்யலாம். அது உலரும் வரையில் குழந்தைகளையும் பிராணிகளையும் அந்த அறைக்குள் விடலாகாது.

இவ்வளவு செய்தும் பத்து நாளில் மீண்டும் தெள்ளு தென்படும். அதனைக் கண்டு மனந்தளர்ந்து "மருந்து பலிக்கவில்லை" என்று கைவிடுவோரே மிகப் பலர். வருபவை பழைய கூட்டிலிருந்து பிறப்பவை. மருந்திட்ட பிராணியின்மீது அவை ஏறியதும் முட்டையிடுமுன் மாண்டுபோகும். ஆகவே மருந்திட்ட பிராணி வீட்டிலேயே இருப்பது நன்று. லிஸ்டனின் கினிப்பன்றியைப் போல அதுவே தெள்ளுகளைத் தன்பால் ஈர்க்கும் பொறியாகிவிடுகிறது. வேறுபாடு ஒன்றே. அன்று பொறியாகிய கினிப்பன்றிகளிற் பல நோயுற்று மாண்டன. இன்று நம் பூனை மருந்தின் காப்போடு நலமாக இருக்கிறது. இம்முயற்சியை மூன்று மாதமேனும் தவறாது தொடர்ந்தால், கூட்டில் காத்திருந்த கடைசித் தெள்ளும் தீர்ந்துவிடும்.

1896 முதல் சில பத்தாண்டுகளில் பிளேக்கினால் இந்தியாவில் மாண்டோர் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் என்று கணக்கிடுகின்றனர். அக்காலத்தில் அதிகாரிகளுக்கு ஊக்கம் குறைவில்லை. பணமும் படையும் குறைவில்லை. பகைவன் எங்கே இருக்கிறான் என்ற அறிவே குறைவாயிருந்தது. அந்த அறிவைக் கொடுத்தவர்கள் ஓடுகளைப் பிரித்தவர்கள் அல்லர். மண்டியிட்டுத் தரையை நோக்கி, மனிதர்மேல் இருந்த தெள்ளுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணியவர்கள். வீட்டில் தெள்ளு கண்டவிடத்து நாமும் அவ்வாறே செய்வோமாக. பூனைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு விரையுமுன், விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கட்டிலின் அடியை நோக்குவோம்.